குதிரைமேல் உட்கார்ந்தால் சிகிச்சை ஆகிவிடுமா?

வாட்ஸப்பில் இப்படி ஒரு காணொளி உங்களுக்கும் வந்திருக்கலாம். தலைக்கவசம் போட்ட ஒரு குழந்தை குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு பேர் அதன் தொடையைப் பிடித்தபடி கூடவே நடக்கிறார்கள். முன்னால் ஒருவர் குதிரையை நடத்திச் செல்கிறார். கீழே, ‘குதிரை சிகிச்சையால் நடக்க ஆரம்பித்த குழந்தை’ என்று ஒரு வரி. மூளை முடக்குவாதமோ (செரிபிரல் பால்சி) ஆட்டிசமோ உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோர் அந்த வரியை எளிதில் தாண்டிப்போக மாட்டார்கள். இது உண்மையா? நம் பிள்ளைக்கும் உதவுமா? இல்லை, காசு பிடுங்க வந்த இன்னொரு புது வழியா?

இதற்கெல்லாம் ஒரே சொல்லில் பதில் கிடையாது. ‘குதிரை சிகிச்சை’ என்ற ஒரே பெயருக்குள் ஒன்றோடொன்று அதிகம் ஒட்டாத நாலு காரியங்கள் அடைபட்டிருக்கின்றன. முதலில் அவற்றைப் பிரித்துவிடலாம்.

ஒரே பெயர், நாலு காரியங்கள்

1. ஹிப்போதெரபி. கிரேக்க மொழியில் ‘ஹிப்போஸ்’ என்றால் குதிரை. பிசியோதெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குபவர்), பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரில் ஒருவர், தான் ஏற்கெனவே கொடுத்துவரும் சிகிச்சைக்குள் குதிரையின் அசைவை ஒரு கருவியாகப் பயன்படுத்துவது. இங்கே குழந்தை குதிரை ஓட்டக் கற்றுக்கொள்வதில்லை. குதிரை எப்படி அசைகிறதோ அதற்கு உடம்பு பதில் சொல்கிறது, அவ்வளவுதான்.

2. சிகிச்சை சார்ந்த குதிரையேற்றம். குதிரையேற்றப் பயிற்றுநர் நடத்தும் வகுப்பு. கடிவாளத்தைப் பிடிப்பது, திருப்புவது, நிறுத்துவது எல்லாம் மாற்றுத்திறனாளிக்கு ஏற்ற மாதிரி மாற்றிச் சொல்லித்தரப்படும். உடற்பயிற்சி, தன்னம்பிக்கை, நாலு பேரோடு பழகுவது என்று பலன்கள் உண்டு. ஆனால் பயிற்றுநர் மருத்துவத் துறையைச் சேர்ந்தவராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

3. மனநல சிகிச்சையில் குதிரை. பெரும்பாலும் ஏறுவதே இல்லை. குதிரைக்குத் தீனி வைப்பது, தேய்த்துவிடுவது, கூட நடப்பது. போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள், அதிர்ச்சிக்கு ஆளானவர்கள் ஆகியோருக்காக மேற்கு நாடுகளில் நடக்கிறது. இது தனிக் கதை என்பதால் இந்தக் கட்டுரையில் இதை விட்டுவிடுகிறேன்.

4. விளையாட்டு. பாராலிம்பிக்கில் 1996 அட்லாண்டா போட்டியிலிருந்து குதிரையேற்றம் இருக்கிறது. உடல் குறைபாட்டின் அளவைப் பொறுத்து ஐந்து பிரிவுகள். இது சிகிச்சையே அல்ல, போட்டி.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், முதல் வகையில் செய்த ஆய்வின் முடிவைக் காட்டி இரண்டாம் வகை வகுப்புக்கு ஆள் சேர்க்கிறார்கள். நாலாம் வகையில் பதக்கம் வாங்கியவரின் படத்தைப் போட்டு முதல் வகைக்கு விளம்பரம் செய்கிறார்கள்.

ஒரு வெள்ளிப் பதக்கத்தில் தொடங்கிய கதை

டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்டெல் என்ற குதிரையேற்ற வீராங்கனைக்கு 1944இல் போலியோ வந்தது. அப்போது அவர் கர்ப்பிணி. முழங்காலுக்குக் கீழே செயல் இழந்துபோனது. படிப்படியாகத் தேறி மறுபடியும் குதிரை ஏறினார். ஏறவும் இறங்கவும் ஆள் உதவி வேண்டும். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில்தான் முதன்முறையாகப் பெண்களுக்கும், அதிகாரி அல்லாத படைவீரர்களுக்கும் டிரெஸ்ஸாஜ் போட்டி திறக்கப்பட்டது. டிரெஸ்ஸாஜ் என்றால் குதிரையை நடன அசைவுபோல நுணுக்கமாக நடத்திக் காட்டும் போட்டி. அதில் ஹார்டெல் ஜூபிலி என்ற தன் குதிரையோடு வெள்ளி வென்றார். தங்கம் வென்ற சுவீடன் வீரர் ஹென்றி சான் சீர் அவரைத் தாங்கிப் பிடித்து மேடை ஏற்றினார். 1956இல் ஹார்டெல் மறுபடியும் வெள்ளி வாங்கினார். அந்த ஆண்டு ஒலிம்பிக் மெல்போர்னில்தான். ஆனால் ஆஸ்திரேலியாவின் விலங்குத் தடுப்புக்காப்பு விதிகள் கடுமையாக இருந்ததால் குதிரைப் போட்டிகளை மட்டும் ஸ்டாக்ஹோமில் நடத்தினார்கள்.

ஐரோப்பாவில் பலர் இந்தத் துறையை எட்டிப் பார்த்ததற்கு அவரது வெற்றி பெரிய காரணம். 1969இல் பிரிட்டனில் மாற்றுத்திறனாளிகளுக்கான குதிரையேற்றச் சங்கம் உருவானது. அதே ஆண்டில் அமெரிக்காவிலும் ஒரு சங்கம் பிறந்தது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹார்டெல் நோய்க்கு முன்பே தேர்ந்த வீராங்கனை. குதிரை அவருக்குப் போலியோவைக் குணப்படுத்தவில்லை, கடைசிவரை கால் அப்படியேதான் இருந்தது. செயல்படும் தசைகளை வைத்துக்கொண்டு சமநிலையை வேறு வழியில் கட்டிக்கொண்டார். இந்தத் துறை தரக்கூடியதும் ஏறத்தாழ அதுதான்.

குதிரை நடக்கும்போது மேலே இருப்பவருக்கு என்ன ஆகிறது

விஷயத்தின் கருவே இந்தப் பகுதிதான். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நாம் நடக்கும்போது இடுப்பு சும்மா முன்னே போவதில்லை. வலது காலைத் தூக்கும்போது வலது இடுப்பு சற்றுத் தாழ்கிறது, அப்படியே முன்பக்கம் திரும்புகிறது. கால் ஊன்றியதும் இடதுபக்கம் இதே வேலையைச் செய்கிறது. கூடவே இடுப்பு முன்னும் பின்னும் லேசாகச் சாய்கிறது. ஆக, மேல் கீழ், பக்கவாட்டு, சுழற்சி என்று மூன்று திசையிலும் அசைவு. இந்தத் தாளத்துக்கு ஏற்ப முதுகும் கழுத்தும் தம்மைத் திருத்திக்கொண்டே வருவதால்தான் நாம் விழாமல் நடக்கிறோம்.

குதிரை மெதுவாக நடக்கும்போது நாலு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையில் படுகின்றன. பின்னங்கால் ஒன்றைத் தூக்கி முன்னே வைக்கும்போது அந்தப் பக்கம் குதிரையின் முதுகு தாழ்கிறது. மேலே உட்கார்ந்திருப்பவரின் அந்தப் பக்க இடுப்பும் தாழ்ந்து முன்னே நகர்கிறது. அடுத்த கால், அடுத்த பக்கம். அதாவது மனிதன் நடக்கும்போது இடுப்பு செய்யும் வேலையை, நடக்கவே தெரியாத ஒரு குழந்தையின் இடுப்பு குதிரைமேல் உட்கார்ந்தபடி செய்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 100 முறை. நாம் சாதாரணமாக நடக்கும் வேகமும் ஏறத்தாழ இதேதான்.

இருபது நிமிடம் என்று கணக்குப் போட்டால் 2,000 முறை. ஒரு பிசியோதெரபிஸ்ட் பெரிய பந்தின்மேல் குழந்தையை உட்காரவைத்துக் கையால் ஆட்டி இத்தனை முறை, இத்தனை ஒரே சீராகச் செய்வது நடக்காத காரியம். குழந்தையும் அவ்வளவு நேரம் பொறுக்காது. குதிரை என்றால் பொறுக்கும், அதுவே பாதி வெற்றி.

ஓட விட்டால் பலன் கூடுமா என்று சிலர் கேட்பதுண்டு. கூடாது. குதிரை துள்ளுநடை போடும்போது கால்கள் குறுக்குக்குறுக்காக ஜோடியாக எழுந்து விழுகின்றன. மேலே இருப்பவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் மேல் கீழ் குலுக்கல்தான், மனித நடையோடு ஒத்துப்போகும் அந்த மாறிமாறி வரும் சுழற்சி காணாமல் போகிறது. விறைப்பு உள்ள தசைகள் குலுக்கலில் இன்னும் விறைக்கவும் செய்யலாம். அதனால் ஹிப்போதெரபி கிட்டத்தட்ட முழுக்க நடையிலேயே நடக்கிறது.

இன்னும் இரண்டு சங்கதிகள் உண்டு. குதிரையின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38 டிகிரி, நம்முடையதைவிடக் கொஞ்சம் அதிகம். சேணத்துக்குப் பதில் மெத்தென்ற விரிப்பு மட்டும் போட்டால் அந்தச் சூடு தொடைக்கு நேரடியாக வந்து சேரும். அப்புறம், கால்களை அகட்டி உட்கார்வது. மூளை முடக்குவாதத்தில் பல குழந்தைகளுக்குத் தொடைகள் கத்தரிக்கோல்போல உள்பக்கமாக இறுகியிருக்கும். அகட்டிய நிலையில், சூட்டோடு, ஒரே தாளத்தில் அசையும்போது அந்த இறுக்கம் தளர்கிறது.

சிகிச்சையாளரின் வேலை என்ன

குதிரை பாட்டுக்கு நடக்கட்டும் என்று விட்டுவிட்டால் அது சவாரி. சிகிச்சையாளர் அந்த நடையை மருந்தின் அளவுபோலக் கூட்டிக் குறைக்கிறார். வேகத்தைக் கூட்டினால் முன்பின் தள்ளல் கூடும். திடீரென்று நிறுத்தினால் குழந்தை முன்னே சாயாமல் முதுகை இழுத்துப் பிடிக்க வேண்டும். வட்டமாகத் திருப்பினால் எடை ஒரு பக்கம் போகும், அந்தப் பக்கத் தசை வேலை செய்யும். பாம்புபோல வளைந்து வளைந்து போனால் இரண்டு பக்கமும் மாறிமாறி. குழந்தையைப் பின்னோக்கி உட்காரவைத்துக் கைகளைக் குதிரையின் பின்புறத்தில் ஊன்றச் சொல்வதும் உண்டு, தோளுக்கு நல்ல வேலை. பேச்சுப் பயிற்சியாளராக இருந்தால், முதுகு நிமிர்ந்து மூச்சு சீரான அந்த நேரத்தில் ‘போ’, ‘நில்’ என்று சொல்ல வைப்பார். சொன்னால் குதிரை நகரும். ஒரு சொல்லுக்கு இவ்வளவு பெரிய பதில் அந்தக் குழந்தைக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

ஆட்கள் எத்தனை என்று பாருங்கள். குதிரையை நடத்த ஒருவர், பக்கத்துக்கு ஒருவராகக் கூட நடக்க இருவர், சிகிச்சையாளர் ஒருவர். சிகிச்சையாளரே ஒரு பக்கம் நடந்தாலும் குறைந்தது மூன்று பேர் ஒரு குழந்தைக்கு. குதிரைமேல் இருக்கும் நேரம் பொதுவாக 20 முதல் 30 நிமிடம். இந்தச் சிகிச்சை ஏன் விலை கூடியது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆய்வுகள் சொல்வது

இங்கேதான் ஆர்வலர்களும் சந்தேகவாதிகளும் தங்களுக்குப் பிடித்த பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

2003இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது, அதன் எளிமைக்காக. மூளை முடக்குவாதம் உள்ள 15 குழந்தைகள். ஒரு குழு 8 நிமிடம் நடக்கும் குதிரைமேல். மற்றக் குழு 8 நிமிடம் அசையாத பீப்பாய்மேல் கால் அகட்டி. ஏன் பீப்பாய்? கால் அகட்டி உட்கார்வதே இறுக்கத்தைத் தளர்த்தலாம் அல்லவா? அந்தப் பலனைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது குதிரையின் அசைவு தந்த பலன். தசைகளின் மின்செயல்பாட்டை முன்னும் பின்னும் அளந்தபோது, குதிரைக் குழுவில் இடது வலது தசைகளின் சமச்சீர் தெளிவாக மேம்பட்டிருந்தது. பீப்பாய்க் குழுவில் அந்த அளவு இல்லை. 2009இல் இதே பாணியில் 47 குழந்தைகளை வைத்து 10 நிமிட ஆய்வு ஒன்று செய்தார்கள். தொடையின் உள்பக்கத் தசைகளில் அதே மாதிரி முடிவுதான் வந்தது.

ஆக, அசைவுக்குப் பலன் உண்டு. ஆனால் பத்து நிமிடத்தில் தசை சமமாவதும், பிள்ளை பள்ளிக்கூடப் படி ஏறுவதும் ஒன்றல்ல. அதே 2009இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஆய்வு இந்த இடத்தில்தான் கையை வைத்தது. மூளை முடக்குவாதம் உள்ள 99 குழந்தைகள், 10 வாரக் குதிரையேற்றம். உடல் செயல்பாடு, ஆரோக்கியம், வாழ்க்கைத்தரம் மூன்றையும் அளந்தார்கள். குதிரை ஏறாத குழுவோடு ஒப்பிட்டபோது சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

இரண்டும் முரண்படுகின்றனவா? என் வாசிப்பில் இல்லை. ஆஸ்திரேலியாவில் நடந்தது மேலே சொன்ன இரண்டாம் வகை, அதாவது குதிரையேற்ற வகுப்பு. அளந்ததும் வேறு, தசை அல்ல, அன்றாட வாழ்க்கை. வாரம் ஒருமுறை என்ற அளவில் பத்து வாரம் செய்யும் எந்த ஒரு பயிற்சியும் அன்றாட வாழ்க்கையைப் புரட்டிப்போட்டுவிடும் என்று எதிர்பார்ப்பதும் கொஞ்சம் அதிகம்தான்.

ஆட்டிசத்தில் பெயர்பெற்ற ஆய்வு 2015இல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து வந்தது. 6 முதல் 16 வயதுக்குட்பட்ட 127 பேர், 10 வாரம். ஒப்பீட்டுக் குழுவும் அதே லாயத்துக்கு வந்தது, குதிரைகளைப் பற்றிப் படித்தது, ஆள் உயரப் பொம்மைக் குதிரையை வைத்துப் பழகியது. உயிருள்ள குதிரை மட்டும் இல்லை. நிஜக் குதிரைக் குழுவில் எரிச்சலும் துறுதுறுப்பும் குறைந்தன, சமூகத் தொடர்பும் பேசும் சொற்களும் கூடின. வளர்ந்தவர்களில், ஜெர்மனியில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளின் உறை சிதையும் நோய்) உள்ள 70 பேரை வைத்து நடத்திய 12 வார ஆய்வில் உடல் சமநிலை மேம்பட்டது.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு பலவீனம் உண்டு. மாத்திரை என்றால் சர்க்கரை மாத்திரையைக் கொடுத்து ஏமாற்றலாம், குதிரையை ஒளித்துவைக்க முடியாது. தன் பிள்ளை குதிரை ஏறியது பெற்றோருக்குத் தெரியும். வாராவாரம் தொலைவு பயணம் செய்து, செலவழித்து, நம்பிக்கையோடு இருப்பவரிடம் ‘எரிச்சல் குறைந்ததா’ என்று படிவம் நீட்டினால் பேனா எந்தப் பக்கம் சாயும்? பெற்றோரின் படிவத்தைவிட, எந்தக் குழு என்று தெரியாத ஒருவர் அளந்த எண்ணுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

நாடுகளும் இதனால்தான் ஆளுக்கொரு பக்கம் நிற்கின்றன. சுவிட்சர்லாந்தில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு ஹிப்போதெரபி எடுத்தால் அடிப்படை மருத்துவக் காப்பீடு செலவை ஏற்கிறது. பக்கத்து நாடான ஜெர்மனியில் பொதுக் காப்பீடு ஏற்பதில்லை. மேலே சொன்ன 70 பேர் ஆய்வு நடந்ததே அங்கேதான்.

யாருக்கு ஆகாது

குதிரையின் முதுகு தரையிலிருந்து நாலரை ஐந்தடி உயரம். விழுந்தால் விளையாட்டில்லை. மருத்துவர் பார்த்து எழுதிக்கொடுக்காமல் ஏற்றவே கூடாது, குறிப்பாக இவர்களை:

1. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே பிடிமானம் தளர்வாக இருக்கும். குலுக்கலில் தண்டுவடம் நசுங்கும் அபாயம் உண்டு. மற்ற எல்லாவற்றையும்விட இதற்கு அழுத்தம் கொடுக்கிறேன், வெளியே பார்த்தால் தெரியாது என்பதால்.
2. கட்டுக்குள் வராத வலிப்பு.
3. இடுப்பு மூட்டு நழுவியிருப்பது. மூளை முடக்குவாதத்தில் இது சகஜம், எக்ஸ்ரே எடுக்காமல் தெரியாது.
4. முதுகெலும்பு மிக அதிகமாக வளைந்திருப்பது, எலும்பு எளிதில் முறியும் நோய்கள், சமீபத்திய அறுவை சிகிச்சை.
5. குதிரை ரோமத்துக்கு ஒவ்வாமை, ஆஸ்துமா.

இன்னொரு விதி: எவ்வளவு ஆடினாலும் ஆளைக் குதிரையோடு சேர்த்துக் கட்டக் கூடாது. பார்க்கப் பாதுகாப்பாகத் தோன்றும். குதிரை சறுக்கி விழுந்தால் அதன் அடியில் போவது கட்டிவைத்த ஆள்தான்.

எந்தக் குதிரை

பந்தயத்தில் ஓய்வுபெற்ற குதிரையை மலிவாக வாங்கிச் சிகிச்சைக்கு விடலாமே என்று தோன்றும். பந்தயக் குதிரை சத்தம் கேட்டால் பாயப் பழக்கப்பட்டது. திடீரென்று கத்துகிற, வாலைப் பிடித்து இழுக்கிற குழந்தைக்கு அது தோதுப்படுவது அபூர்வம். நடுவயது தாண்டிய, எதற்கும் பதறாத, இரண்டு பக்கமும் ஒரே அளவில் நடக்கும் குதிரைதான் தேவை. கடைசி நிபந்தனை முக்கியம். லேசாக நொண்டும் குதிரை ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அசைக்கும். ஏற்கெனவே கோணலாக உட்காரும் குழந்தைக்கு அந்தக் கோணலையே பயிற்சியாகக் கொடுப்பதுபோல ஆகிவிடும்.

மெரினா மணலிலும் ஊட்டி ஏரிக்கரையிலும் நிற்கும் சவாரிக் குதிரைகள் பொழுதுபோக்குக்குச் சரி. சிகிச்சை என்ற பெயரில் அங்கே பிள்ளையை ஏற்றாதீர்கள். தரை சமமில்லை, கூட நடக்க ஆள் இல்லை, குதிரைக்காரருக்கு அடுத்த சவாரி காத்திருக்கிறது. கிளாண்டர்ஸ் என்ற கொடிய தொற்று குதிரையிலிருந்து மனிதருக்கு வரக்கூடியது. இந்தியாவில் கண்டறிந்தால் அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோய் அது. சிகிச்சைக் குதிரை ஒவ்வொன்றுக்கும் இதற்கான ரத்தப் பரிசோதனைச் சான்று கேட்பதில் தப்பே இல்லை.

குதிரை இல்லாமலே இந்த அசைவைத் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. ஜப்பானில் பானாசோனிக் ‘ஜோபா’ என்ற பெயரில் ஒன்றை விற்றது. ஸ்பெயினில் 38 குழந்தைகளை வைத்துச் செய்த இயந்திரக் குதிரை ஆய்வில் உட்காரும் சமநிலை மேம்பட்டது, ஒட்டுமொத்தச் செயல்பாடு மேம்படவில்லை. லாயம் வைக்க முடியாத ஊர்களில் இது ஒரு வழி. ஆட்டிசத்துக்கு எவ்வளவு தூரம் பயன்படும் என்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. கொலராடோவில் பொம்மைக் குதிரை தோற்றுப்போனதை மறந்துவிட முடியாது.

சேர்ப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

இந்தியாவில் மறுவாழ்வுப் பணியாளர்களைப் பதிவுசெய்ய 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் இருக்கிறது. பிசியோதெரபி, ஆக்குபேஷனல் தெரபி போன்ற துறைகளுக்கு 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் இருக்கிறது. இரண்டிலும் ‘குதிரை சிகிச்சையாளர்’ என்று தனியாக ஒரு தொழில் கிடையாது. எனவே பலகையில் என்ன எழுதியிருந்தாலும், ஆளின் அடிப்படைத் தகுதி என்ன என்றுதான் பார்க்க வேண்டும்.

1. குழந்தையின் சிகிச்சைத் திட்டத்தை எழுதுபவர் யார்? அவர் பிசியோதெரபிஸ்டா, ஆக்குபேஷனல் தெரபிஸ்டா, குதிரையேற்றப் பயிற்றுநரா? பயிற்றுநர் மட்டும்தான் என்றால் அது நல்ல வகுப்பாக இருக்கலாம், கட்டணத்தையும் வகுப்புக்கு உரிய அளவில் பேசுங்கள்.
2. முதல் நாளே குதிரைமேல் ஏற்றுகிறார்களா, இல்லை மருத்துவர் சான்றும் எக்ஸ்ரேயும் கேட்கிறார்களா? ‘கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை, கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளும்’ என்பார்கள். கட்டணத்தைக் கேட்டு வாங்கும் இடம் சான்றுகளைக் கேட்காவிட்டால் திரும்பிவிடலாம்.
3. தினசரி பிசியோதெரபியை நிறுத்தச் சொல்கிறார்களா? சொன்னால் வேண்டாம். வாரத்துக்கு அரை மணி நேரக் குதிரை, மற்ற ஆறு நாள் பயிற்சிக்கு ஈடாகாது.
4. கோடையில் எத்தனை மணிக்கு நடத்துகிறார்கள்? நம் ஊர் மே மாதத்தில் காலை ஒன்பதைத் தாண்டினால் குதிரைக்கும் கஷ்டம், கவசம் போட்ட குழந்தைக்கும் கஷ்டம்.
5. எதை அளக்கிறார்கள்? ‘நல்ல மாற்றம் தெரியுது’ என்பது அளவு ஆகாது. பிடிக்காமல் எத்தனை நொடி உட்கார்கிறது, எத்தனை அடி நடக்கிறது என்று ஏறுவதற்கு முன்பே குறித்துவைத்து, பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்து அதே ஆள் அதே முறையில் மறுபடி அளக்க வேண்டும். எண் நகரவில்லை என்றால் பிள்ளைக்குக் குதிரை பிடித்திருக்கிறது என்பதற்காகத் தொடரலாம், அது ஒரு நியாயமான காரணம்தான். அப்போது அதற்கான பணத்தைச் சிகிச்சைச் செலவிலிருந்து எடுக்காதீர்கள்.